சாரதியின் கண்ணிமையும் முதலாளியின் கணக்கேடும்

‘வண்டி ஓடியது’ என்பது தன்வினை. ‘சாரதி வண்டியை ஓட்டினார்’ என்பது பிறவினை. தமிழிலக்கணம் இத்துடன் நின்றுவிடுவதில்லை. ‘முதலாளி சாரதியைக் கொண்டு வண்டியை ஓட்டுவித்தார்’ என்னும் மூன்றாவது வாக்கியத்துக்கும் அதில் இடமுண்டு. வகுப்பறையில் இம்மூன்றையும் கரும்பலகையில் எழுதி வேறுபாட்டை விளக்குவது எம்போன்ற தமிழாசிரியர்க்கு ஆண்டுதோறும் நிகழும் வழக்கமான கருமம். பரீட்சை முடிந்ததும் மாணவர் மறந்துவிடும் பாடம் இது. ஆயினும், ஒரு சமுதாயம் தனது துயரங்களுக்கான பொறுப்பை எவர்மீது சுமத்துகிறது, எவரை மறைத்துவிடுகிறது என்பதை அறிவதற்கு இதனினும் கூரிய கருவி வேறில்லை என்பதே இக்கட்டுரையில் நாம் கூற முற்படுவது.

2025 ஆம் ஆண்டு இந்நாட்டு மக்களின் மனத்தை உலுக்கிய இரு பஸ் விபத்துக்களை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். மே 11 ஆந் திகதி அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற இலங்கைப் போக்குவரத்துச் சபை வண்டியொன்று கொத்மலைப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்தது. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். செப்டெம்பர் 4 ஆந் திகதி இரவு, எல்ல - வெல்லவாய வீதியில் தங்காலையைச் சேர்ந்தோர் சுற்றுலா சென்ற வண்டி பாதாளத்தில் விழுந்து பதினைந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. இவையிரண்டும் தனித்த நிகழ்ச்சிகளல்ல. ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களை இந்நாட்டின் வீதிகள் பலிகொள்கின்றன.

இத்தகைய விபத்துக்களின் மறுநாட் காலையில் எமது பத்திரிகைகள் கையாளும் மொழியைச் சற்று நோக்குவோம். ‘கட்டுப்பாட்டை இழந்த பஸ் பள்ளத்தில் பாய்ந்தது’ என்பது தலைப்பு. வண்டிக்குத் தானாகவே ஒரு மனமும் அதன்மேல் ஒரு கட்டுப்பாடும் இருந்தனபோலவும், அதனை அது எங்கோ தொலைத்துவிட்டது போலவும் வாக்கியம் அமைகிறது. இரண்டாம் நாள், ‘சாரதியின் கவனயீனமே காரணம்’ என்றோ, ‘சாரதிக்கு ஏற்பட்ட நித்திரைக் கலக்கமே காரணம்’ என்றோ செய்தி வரும். தன்வினையிலிருந்து பிறவினைக்கு ஒருபடி ஏறியாயிற்று. மூன்றாம் நாள் வேறு செய்தி வந்துவிடும். ‘ஓட்டுவித்தார்’ என்னும் மூன்றாவது வாக்கியத்தை எழுதுவார் இல்லை. நித்திரைக் கலக்கம் ‘ஏற்பட்டது’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். மழை பெய்வதுபோல, பூகம்பம் நேர்வதுபோல, அது ஏற்பட்டதாம்! ஏற்படுத்தியவர் எவர் என்னும் வினா அச்சொல்லுக்குள்ளேயே புதைக்கப்பட்டுவிடுகிறது.

இம்மொழி இப்பொழுது ஓர் இயந்திரமாக உருப்பெற்றுள்ளது. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் தொலைதூர வண்டிகள் சிலவற்றில், சாரதியின் நடத்தையைக் கண்காணிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கமராக்களைப் பரீட்சார்த்தமாகப் பொருத்தும் முயற்சி 2025 இல் ஆரம்பமாயிற்று. இத்தகைய கருவி செயற்படும் முறை கடினமானதன்று. சாரதிக்கு முன்னே பொருத்தப்படும் சிறிய கமரா, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியின் துணையுடன் இருளிலும் அவருடைய முகத்தை நோக்கிக்கொண்டிருக்கும். இமை எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது, தலை சாய்கிறதா, கொட்டாவி விடுகிறாரா, கையில் தொலைபேசி உள்ளதா என்பவற்றையெல்லாம் கணித்து, தவறு கண்டவிடத்து ஒலியெழுப்பும். சிலவகைக் கருவிகள் அக்கணத்துப் படத்தை நிலையத்திலுள்ள கண்காணிப்பாளருக்கும் அனுப்பிவைக்கும்.

இக்கருவியை நாம் பழிக்கவில்லை. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீற்றர் தூரத்தைக் கடக்கிறது. மூன்று விநாடிகள் சாரதி கண்ணயர்ந்தால், ஐம்பது மீற்றர் தூரம் அவ்வண்டியை ஓட்டுவார் எவருமில்லை. அவ்வண்டியில் இருப்போர் யாவர்? சொந்த மோட்டார் வண்டியில் செல்ல வசதியற்ற தொழிலாளரும், ஆடைத் தொழிற்சாலைப் பெண்களும், தோட்டப்புறத்து மக்களும், எம் மாணவருமேயாவர். தொழிலாளியின் உரிமை என்ற பெயரால் பயணிகளாகிய தொழிலாளரின் உயிரை நாம் மறந்துவிடுதல் நேர்மையன்று. ‘கமரா என்றால் ஒற்றன், எனவே வேண்டாம்’ என்று ஒரே வீச்சில் ஒதுக்கிவிடும் முற்போக்கு நண்பர்களுடன் நாம் இவ்விடத்தில் முரண்படுகிறோம். கருவி தேவையா என்பதன்று எமது வினா. அக்கருவி எதைக் காண்கிறது, எதைக் காண மறுக்கிறது என்பதே வினா.

வெள்ளவத்தையில் வாழ்வோர் நாள்தோறும் காணும் காட்சியொன்றுண்டு. பொழுது சாய்ந்ததும் காலி வீதியோரத்தில் யாழ்ப்பாணம் செல்லும் சொகுசு பஸ் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். பொதிகளும் பெட்டிகளும் ஏறும். பிள்ளைகளை வழியனுப்ப வந்த தாய்மார் யன்னலருகே நின்று புத்தி சொல்வர். ஏறக்குறைய 400 கிலோமீற்றர் பயணம். யுத்தம் 2009 இல் முடிவுற்ற பின்னர், கொழும்புத் தமிழரையும் வடபுலத்தையும் இணைக்கும் நரம்பாக இவ்விரவு வண்டிகள் விளங்குகின்றன. திரை மூடிய யன்னலருகே நாம் கண்ணயர்கிறோம். எம் பொருட்டு ஒருவர் கண்விழித்திருக்கிறார். விடிந்ததும் இறங்கிச் செல்லும் நாம் அவருடைய முகத்தை நினைவில் வைத்திருப்பதில்லை.

அத்தகைய சாரதியொருவருடன் வண்டி புறப்படுமுன் உரையாடும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. முதல்நாளிரவு யாழ்ப்பாணத்திலிருந்து ஓட்டிவந்தவர் அவர். பகலில் வண்டியைக் கழுவுவித்து, பொதிகளை ஒப்படைத்து, எஞ்சிய நேரத்தில் வெயிலிற் காய்ந்த வண்டிக்குள்ளேயே சற்றுப் படுத்தெழுந்து, அன்றிரவே மீண்டும் புறப்பட ஆயத்தமாக நின்றார். கமராவைப் பற்றிக் கேட்டோம். அவர் கூறியதை அவருடைய மொழியிலேயே தருகிறோம்:

“பூட்டட்டும் மாஸ்டர், எனக்கென்ன. நித்திரை தூங்கினால் அது கத்துமாம். கத்தினாப் பிறகு நான் என்ன செய்யிறது? அனுராதபுரத்துக்கு அங்கால றோட்டுக் கரையில நிப்பாட்டிப்போட்டு அரை மணித்தியாலம் படுக்க ஏலுமே? உள்ளுக்கு இருக்கிற சனம் விடாது. விடிய முதலாளியும் விடமாட்டார். அது கத்த கத்த ஓட வேண்டியதுதான்.”

இவ்வாசகங்களைக் காட்டிலும் தெளிவான விமர்சனத்தை நாம் எங்கும் படித்ததில்லை. எச்சரிக்கை எனப்படுவது யாது? அபாயம் வருகிறது, விலகிக்கொள் என்று ஒருவருக்குக் கூறுவது. விலகிக்கொள்ளும் உரிமை அற்றவனை நோக்கி எழுப்பப்படும் எச்சரிக்கை, எச்சரிக்கையன்று, அது சவுக்கொலி. களைத்த மாட்டைச் சவுக்கால் எழுப்பி மேலும் நான்கு மைல் நடத்துவதற்கும், களைத்த மனிதனை ஒலியால் எழுப்பி மேலும் நூறு கிலோமீற்றர் ஓட்டுவிப்பதற்கும் உள்ள வேறுபாடு கருவியின் விலையில் மாத்திரமே உள்ளது. அத்துடன், விபத்து நேர்ந்துவிட்டால் அந்த ஒலிப்பதிவே சாரதிக்கு எதிரான சாட்சியமாகிவிடும். ‘ஐந்து முறை எச்சரித்தோம், கேட்கவில்லை’ என்று நிர்வாகம் கைகழுவிக்கொள்ளலாம்.

இனி, சாரதியை நிற்கவொட்டாது துரத்தும் விசை எங்கிருந்து வருகிறது என்பதை ஆராய்வோம். இதற்கு யாழ்ப்பாணம் வரை செல்லவேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து காலி வீதிவழியே வெள்ளவத்தையைக் கடந்து தெற்கே செல்லும் 102 ஆம் இலக்க வண்டியில் ஒருமுறை ஏறிப் பார்த்தாற் போதும். சந்தையடியில் ஆட்களைச் சேர்ப்பதற்காக நகராது நிற்கும் வண்டி, பின்னால் இன்னொரு வண்டியின் முகம் தெரிந்ததும் வெறிகொண்டதுபோற் பாயும். பாடசாலைப் பிள்ளையின் ஒரு கால் படியிலும் மறுகால் வீதியிலும் இருக்கும். சாரதியின் குணக்கேடு என்று பயணிகள் திட்டுவர். ஆனால் கணக்கைப் பாருங்கள். தனியார் வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் சாரதிக்கும் நடத்துனருக்கும் நிலையான மாதச் சம்பளம் இல்லை. அன்றன்றைய வசூலில் ஒரு பங்கே கூலி. முன்னால் ஓடும் வண்டி பத்துப் பேரை ஏற்றிக்கொண்டால், பின்னால் வருபவரின் வீட்டு அடுப்பில் அது தெரியும். வீதியில் ஓடுபவை இரு வண்டிகளல்ல. ஒருவர் சோற்றை மற்றவர் பறிக்குமாறு ஏவிவிடப்பட்ட இரு குடும்பங்கள்.

வண்டியின் சொந்தக்காரரும் எப்பொழுதும் பெரும் செல்வந்தரல்லர். ஒரேயொரு வண்டியை நிதிக் கம்பனியின் லீசிங் கடனில் வாங்கி, மாதந்தோறும் தவணைக்கு அஞ்சி நடுங்குவோர் அவர்களுட் பலர். அச்சம் மேலிருந்து கீழே இறங்குகிறது. நிதிக் கம்பனி சொந்தக்காரரை நெருக்குகிறது. சொந்தக்காரர் சாரதியை நெருக்குகிறார். சாரதி அழுத்துவதற்கு எஞ்சியிருப்பது வேகமுடுக்கி ஒன்றே. கமராவோ இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மாத்திரம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்நிலை இயற்கையானதன்று, வரலாற்றால் ஆக்கப்பட்டது. தனியார் பஸ் கம்பனிகளின் போட்டியும் சீர்கேடும் தாங்காத நிலையிலேயே, 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. அதன் குறைகள் பல. ஆயினும் சாரதியின் கூலி அன்றைய வசூலில் தொங்கவில்லை. அவர் மாதச் சம்பளம் பெறும் ஊழியரானார். 1977 இன் பின்னர் வந்த திறந்த பொருளாதாரம் 1979 இல் தனியார் வண்டிகளை மீண்டும் வீதிக்குக் கொண்டுவந்தது. அவற்றுடன் பழைய ஓட்டப்பந்தயமும் திரும்பி வந்தது. சபையின் சாரதிகளும் இன்று சுகமாக இல்லை. அடிப்படைச் சம்பளத்தாற் குடும்பம் நடத்த இயலாது, மேலதிக நேர வேலையை நம்பிக் கண்விழிப்போர் அவர்களிடையேயும் உளர்.

விபத்தின் பின் கூண்டில் நிறுத்தப்படும் தொழிலாளியின் கதை புதியதன்று. 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற் பாகத்தில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், மார்க்ஸ் ஒரு புகையிரத விபத்தைக் குறிப்பிடுகிறார். கார்ட், இயந்திர ஓட்டுநர், சமிக்ஞையாளர் ஆகிய மூவர் இலண்டனில் மரண விசாரணை யூரர்முன் நிறுத்தப்படுகின்றனர். அவர்களுடைய கவனயீனமே குற்றம். அவர்கள் கூறும் விடையோ வேறு: சில ஆண்டுகளுக்கு முன் எட்டு மணி நேரமாயிருந்த வேலை பதினான்கு, பதினெட்டு, இருபது மணியாக ஏறிற்று, உல்லாசப் பயணிகள் பெருகும் காலங்களில் இடைவெளியின்றி நாற்பது, ஐம்பது மணி நேரமாகவும் நீண்டது, ஒரு கட்டத்தின்பின் மூளை சிந்திக்கவில்லை, கண் காணவில்லை. ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அந்தச் சமிக்ஞையாளரின் முன்னால் அன்றொரு கமரா இருந்திருப்பின், அவருடைய கண் மூடிய கணத்தை அது துல்லியமாகக் காட்டியிருக்கும். நாற்பது மணி நேரத்தைக் காட்டியிராது.

இலக்கிய மாணவர்க்கு இன்னோர் உதாரணமும் நினைவுக்கு வரலாம். செகோவ் 1888 இல் எழுதிய சிறுகதையொன்றில், தூங்கவே விடப்படாத பணிப்பெண்ணாகிய ஒரு சிறுமி, தூக்கத்தின் மயக்கத்தில், தான் தாலாட்டும் குழந்தையையே கொன்றுவிடுகிறாள். சாதாரண எழுத்தாளன் அதனை ஒரு குரூரமான கொலைக் கதையாக ஆக்கியிருப்பான். செகோவோ அன்றைய பகல் முழுவதும் வீட்டார் அவள்மீது ஏவிய வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக எமக்குக் காட்டுகிறார். கதை முடியும்பொழுது குற்றம் அச்சிறுமியின் இமைகளில் மாத்திரம் இல்லை என்பதை வாசகன் தானே உணர்ந்துகொள்கிறான். யதார்த்தவாதம் என்று நாம் போற்றுவது இதனையே. கண்ணுக்குத் தெரியும் கணத்தை மாத்திரம் பதிவுசெய்வது யதார்த்தமாகாது. அக்கணத்தை ஆக்கிய வாழ்வைக் காட்டுவதே யதார்த்தம். இந்த அளவுகோலால் அளக்குமிடத்து, கமரா ஒரு குறைபட்ட எழுத்தாளனே.

அவ்வாறாயின், கண்காணிப்புக் கருவியைத் தொழிலாளியின் பக்கமாகத் திருப்புதல் இயலுமா? இயலும் என்பதற்குப் பிறநாட்டு அனுபவம் சான்று பகர்கிறது. ஓட்டும் நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் பதிவுசெய்யும் ‘டாக்கோகிராப்’ என்னும் கருவியை ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1970 இல் விதியாக்கியது. பிரித்தானிய லொறிச் சாரதிகள் அதனைத் தம்மருகே அமர்த்தப்பட்ட ஒற்றன் என்று கூறி எதிர்த்தனர். 1979 இல் ஐரோப்பிய நீதிமன்றம் பிரித்தானிய அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்த பின்னரே அங்கு அது நடைமுறைக்கு வந்தது. அச்சாரதிகளின் ஐயம் இயல்பானது. ஆனால் அக்கருவி சாரதியின் முகத்தையன்று, வேலை நேரத்தையே பதிவுசெய்தது. அதிக நேரம் ஓட்டுவித்த முதலாளிக்கு எதிராகவும் அதே பதிவு சாட்சி சொல்லவல்லதாயிற்று.

2006 ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதிகள் மேலும் தெளிவானவை. நான்கரை மணி நேரம் ஓட்டியபின் 45 நிமிட இடைவேளை. நாளொன்றுக்குப் பொதுவாக ஒன்பது மணி நேர ஓட்டம். வீதிப் பாதுகாப்புக்கு ஊறு செய்யுமாறு ஓடிய தூரத்தையோ ஏற்றிய சரக்கின் அளவையோ வைத்துக் கூலி கொடுத்தல் கூடாது. சாரதி விதிமீறினால் நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். இங்கே ‘ஓட்டுவித்தார்’ என்னும் மூன்றாவது வாக்கியம் சட்டத்தில் எழுதப்பட்டிருப்பதை வாசகர் காணலாம். நித்திரைக் கலக்கத்தைக் கண்டறியும் கருவிகளைப் புதிய வண்டிகளிற் கட்டாயமாக்கிய 2019 ஆம் ஆண்டின் விதியோ, அத்தரவுகள் வண்டிக்கு வெளியே பிறர் கைக்குச் செல்லலாகாது, பயன்முடிந்தவுடன் அழிக்கப்படல் வேண்டும் என்று கூறுகிறது. சாரதியை எழுப்புவதே அக்கருவியின் பணி, காட்டிக்கொடுப்பதன்று. எமது நாட்டிலோ, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டும், அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது ஒத்திப்போடப்பட்டது.

ஐரோப்பா சொர்க்கபுரி என்று நாம் கூறவரவில்லை. இலண்டன் பஸ் சாரதிகளைப் பற்றி 2019 இல் வெளியான ஆய்வொன்று, அவர்களுள் 21 விழுக்காட்டினர் வாரத்தில் இரண்டு மூன்று தடவையேனும் ஓட்டும்பொழுது தூக்கத்துடன் போராடுகின்றனர் எனக் கண்டது. சட்டம் உள்ள நாட்டிலேயே இந்நிலையெனில், சட்டம் தளர்ந்த நாட்டின் நிலையைக் கூறவேண்டியதில்லை.

இவ்விடத்தில் எம் பக்கத்தாரின் பிழையொன்றையும் மறைக்காது கூறல் கடன். 2025 ஆகஸ்ட் மாத இறுதியில், சபையின் வண்டிகளையும் தனியார் வண்டிகளையும் ஒரே நேர அட்டவணைக்குட் கொண்டுவரும் திட்டத்தை எதிர்த்துச் சபையின் தொழிற்சங்கங்கள் சில வேலைநிறுத்தத்தில் இறங்கின. பொதுத்துறையின் வருமானம் தனியார் கைக்குப் போய்விடும் என்னும் அச்சம் அடிப்படையற்றதென நாம் கூறோம். ஆயினும் வீதிப் பந்தயத்தை ஒழிப்பதற்கு ஒழுங்கான பொது அட்டவணையே முதற் படியாகும். அதனை முற்றாக எதிர்ப்பதை விட, ‘அட்டவணை வரட்டும், அதனுடன் எல்லாச் சாரதிகளுக்கும் மாதச் சம்பளமும் வரட்டும்’ என்று கேட்டிருப்பின், தனியார் வண்டிச் சாரதியும் சபைச் சாரதியும் ஒரே அணியில் நின்றிருப்பர். பயணிகளாகிய மக்களும் அவர்களுடன் நின்றிருப்பர். மக்களிடமிருந்து பிரிந்து நிற்கும் தொழிற்சங்கம், கமராவுக்கு எதிராகப் பேசும்பொழுது மக்கள் செவிகொடுப்பதில்லை.

ஆகவே நாம் வேண்டுவன இவை. முதலாவது, கருவி எச்சரித்தால் வண்டியை நிறுத்தும் உரிமை சாரதிக்குச் சட்டத்தாற் கிடைக்கவேண்டும். அவ்வாறு நிறுத்தியமைக்காக ஒரு சதமேனும் வெட்டப்படலாகாது. இரண்டாவது, இரவுநேரத் தொலைதூர வண்டிகளுக்கு இரண்டாவது சாரதியும், இரு முனைகளிலும் படுத்துறங்கத்தக்க ஓய்விடமும் அமைதல் வேண்டும். மூன்றாவது, வசூலிற் பங்கு என்னும் கூலிமுறை ஒழிந்து நிலையான சம்பளம் வரவேண்டும். நான்காவது, கமரா சாரதியின் இமையைப் பதிவுசெய்வதாயின், அவர் எத்தனை மணி நேரம் வேலைக்கு அமர்த்தப்பட்டார் என்னும் பதிவும் அதனோடு சேர்ந்தே விசாரணைக்கு வருதல் வேண்டும். முகப் படங்கள் விபத்து விசாரணைக்கன்றி வேறெதற்கும் வைத்திருக்கப்படலாகாது. இவை பேராசைகளல்ல. வாரம் ஒருமுறை தம் பிள்ளைகளை வெள்ளவத்தையில் இரவு வண்டியேற்றும் பெற்றோர் ஒவ்வொருவரும் கேட்கவேண்டிய குறைந்தபட்சக் கோரிக்கைகள்.

இதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் எழுத்தாளருக்கும் என்ன பங்கு என வினவலாம். சட்டம் இயற்றும் அதிகாரம் எம்மிடம் இல்லை. மொழி எம்மிடம் உண்டு. அடுத்த விபத்துச் செய்தி வரும்பொழுது அதனை வகுப்புக்கு எடுத்துச் செல்வோம். ‘சாரதிக்கு நித்திரைக் கலக்கம் ஏற்பட்டது’ என்னும் வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, ஏற்படுத்தியவர் எவர் என்று மாணவரைக் கேட்போம். அவர் முந்திய இரவு எங்கே படுத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார், நிறுத்தியிருந்தால் எவ்வளவு இழந்திருப்பார் என்று தேடுமாறு கூறுவோம். அத்தேடலின் முடிவில் மாணவன் தானாகவே அந்த வாக்கியத்தை அழித்துவிட்டு, ‘ஓய்வு கொடாது ஒரு மனிதனைக் கொண்டு வண்டியை ஓட்டுவித்தனர்’ என்று திருத்தி எழுதுவான். அத்திருத்தத்துக்கு நாம் முழுப் புள்ளிகளும் வழங்கலாம்.